கடவுச்சொல் சரி, இணைப்பு இல்லை: வைஃபை ரூட்டரின் பாதுகாப்புப் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்குதல்

வைஃபை வேலை செய்யவில்லை என்று அழைக்கப்பட்டு நான் போய்ப் பார்க்கும் வீடுகளில், எனக்கு முன்பே இரண்டில் ஒரு காரியம் நடந்து முடிந்திருக்கும். ரூட்டரின் பின்புறத்துச் சிறு மீளமைப்புத் துளையில் யாராவது ஊசியை விட்டு அழுத்தியிருப்பார்கள்; அல்லது, "இப்போதைக்கு வேலை நடக்கட்டும்" என்று கடவுச்சொல்லை முற்றாக எடுத்து வலையமைப்பைத் திறந்து விட்டிருப்பார்கள். இரண்டுமே செய்யக்கூடாதவை. முதலாவது, சேவை வழங்குநர் ரூட்டரில் பதிந்து தந்த இணைப்பு விபரங்களையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். இரண்டாவது, ஒழுங்கையில் நிற்கும் எவரும் உங்கள் பெயரிலுள்ள இணைப்பைப் பாவிப்பதற்குக் கதவைத் திறந்து வைக்கும். பாதுகாப்பைக் கழற்றாமலே தீர்க்க முடியாத இணைப்புப் பிரச்சினை எதையும் இந்த ஊரில் நான் இதுவரை கண்டதில்லை. கண்ட அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியைத்தான் கீழே எழுதுகிறேன்.

ஒரு கருவி வைஃபையில் இணைவது ஒரே பாய்ச்சலில் நடப்பதன்று. முதலில் ரூட்டர் அறிவிக்கும் வலையமைப்பின் பெயர் கருவிக்குத் தெரிய வேண்டும். அடுத்து, கடவுச்சொல்லை வானலையில் அனுப்பாமலே, இரண்டிடமும் இருப்பது ஒரே சாவிதான் என்பதைக் கருவியும் ரூட்டரும் ஒன்றுக்கொன்று நிரூபிக்க வேண்டும். மூன்றாவதாக, ரூட்டர் அந்தக் கருவிக்கு ஓர் ஐ.பி. முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் இலக்கத்தை, வழங்க வேண்டும். நான்காவது படியில்தான் வெளி இணையம் வருகிறது. கடவுச்சொல்லுக்கு வேலை இருப்பது இரண்டாவது படியில் மட்டுமே. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன்னர், இணைப்பு எந்தப் படியில் நின்றது என்பதைக் கண்டுபிடியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

தொடங்குமுன் மூன்று ஆயத்தங்கள் வேண்டும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். உள்நுழையும் முகவரி, பயனர் பெயர், தொடக்கக் கடவுச்சொல் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்த முகவரியை உலாவியில் எழுதினால் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் தற்போதைய அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதைச் செய்துவிடுங்கள். வைஃபை அமைப்பை வைஃபை வழியாகவே மாற்றினால் சேமிக்கும் கணத்தில் நீங்களே வெளியே தள்ளப்படுவீர்கள் என்பதால், மடிக்கணினியை வலையமைப்பு வயரால் ரூட்டருடன் இணைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

"கடவுச்சொல் பிழை" என்று வருகிறது, ஆனால் கடவுச்சொல் சரி

அதிகம் சந்திக்கும் அறிகுறி இது. காரணங்கள் பல என்பதால் இதில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர், கொழும்பிலிருந்து மகன் வட்ஸ்அப்பில் அனுப்பிய புதிய கடவுச்சொல்லை அப்படியே பிரதி எடுத்து ஒட்டியிருந்தார். "தம்பி, நான் பிழையாய் அடிக்கேல்லை, பிள்ளை அனுப்பினதைத்தான் போட்டனான்" என்றார். அவர் சொன்னது உண்மை. கடவுச்சொல்லைக் காட்டும் கண் அடையாளத்தை அழுத்திவிட்டுப் பெட்டிக்குள் விரலை வைத்தபோது, கடைசி எழுத்தை விட்டு ஓர் எழுத்தளவு தள்ளி நின்று துடித்தது கோடு. செய்தியின் கடைசியில் இருந்த வெற்றிடம் ஒன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. வைஃபைக்கு வெற்றிடமும் ஓர் எழுத்தே. அதை அழித்தவுடன் இணைப்பு வந்துவிட்டது. ஆகவே கண் அடையாளத்தை அழுத்திப் பார்ப்பதுதான் எப்போதும் முதல் வேலை. முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் விசைப்பலகை, நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றும் விசைப்பலகை, பூச்சியமும் ஆங்கில ஓவும் ஒன்றுபோலத் தோன்றும் கையெழுத்து ஆகியனவும் இதே குழப்பத்தைத் தருபவை.

தமிழில் கடவுச்சொல் வைக்க விரும்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால் டபிள்யூபிஏ2 என்ற வைஃபைக் குறியாக்க முறையில் கடவுச்சொல் என்பது அச்சிடக்கூடிய அடிப்படை ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், குறிகள் ஆகியவற்றால் ஆன 8 முதல் 63 வரையான எழுத்துகள் மட்டுமே. சில ரூட்டர்கள் தமிழ் எழுத்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, பின்னர் எந்தக் கருவியையும் இணையவிடாமல் நின்றுவிடுகின்றன. வலையமைப்பின் பெயரைத் தமிழில் வைப்பதற்குத் தடையில்லை. அதிலும் ஓர் எல்லை மட்டும் உண்டு. பெயருக்கு 32 பைட் இடம் இருக்கிறது. ஒருங்குறியில் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும், குறிக்கும், புள்ளிக்கும் தனித்தனியே 3 பைட் போகும். "நல்லூர்" என்பதற்கு 21 பைட் போதும். "யாழ்ப்பாணம்" என்று வைத்தால் 33 பைட் ஆகிறது. ஒரே ஒரு பைட்டால் இடம் போதாமல் போகிறது. சேமிக்க மறுத்தாலோ, பெயரின் கடைசிப் புள்ளி உடைந்து பெட்டியாகத் தெரிந்தாலோ இதுதான் காரணம்.

எழுத்துகள் சரியாக இருந்தும் பிழை வருமானால், கருவியில் அந்த வலையமைப்பை "மறந்துவிடு" என்று நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். ரூட்டரில் கடவுச்சொல்லையோ குறியாக்க முறையையோ மாற்றிய பிறகும் சில கருவிகள் பழைய விபரத்தையே திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருக்கும். அயலில் அதே பெயரில் இன்னொரு வலையமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே மாதிரி ரூட்டரை இரண்டு வீட்டார் வாங்கி, வந்த பெயரை மாற்றாமல் விட்டால், மதிலுக்கு அப்பாலுள்ள ரூட்டரிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு அது மறுக்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னரும் பிழை நீங்காவிட்டால், அது பெரும்பாலும் கடவுச்சொல்லின் பிரச்சினையாக இராது. கருவிக்கும் ரூட்டருக்கும் குறியாக்க முறை ஒத்துப்போகாதபோது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாத சில கருவிகள் "கடவுச்சொல் பிழை" என்றே சொல்லிவிடுகின்றன. அது அடுத்த அறிகுறியுடன் சேர்ந்தது.

புதிய போன்கள் இணைகின்றன, பழைய அச்சுப்பொறியோ கமராவோ இணையவில்லை

புதிய ரூட்டர் வாங்கிய வாரத்தில் வரும் முறைப்பாடு இது. காரணத்தை விளங்கிக்கொள்ள இந்த முறைகளின் வயதைத் தெரிந்துகொள்வது உதவும். 1997இல் முதல் வைஃபை நியமத்துடன் வந்த குறியாக்க முறை டபிள்யூஇபி. 2001இல் அதன் குறியாக்கத்தை உடைக்கும் வழி வெளியாகிவிட்டது. இடைக்காலத் தீர்வாக 2003இல் டபிள்யூபிஏ வந்தது. அது டிகேஐபி என்ற முறையில், பழைய வன்பொருளிலேயே ஓடும்படி செய்யப்பட்டது. 2004இல் ஏஇஎஸ் குறியாக்கத்துடன் டபிள்யூபிஏ2 வந்தது. 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3, சாவியை ஒத்துப்பார்க்கும் முறையையே மாற்றியதோடு, கட்டுப்பாட்டுச் செய்திகளையும் பாதுகாக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பத்து வருடத்துக்கு முந்திய அச்சுப்பொறிக்கு இந்தக் கடைசி முறை தெரியாது.

அமைப்புப் பக்கத்தில் வயர்லெஸ் பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால், டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றுங்கள். பெரும்பாலான கருவிகள் அத்துடன் இணைந்துவிடும். இணையாமல் அடம்பிடிக்கும் ஒன்றிரண்டு பழைய கருவிகளுக்காக முழு வீட்டின் பாதுகாப்பையும் கீழிறக்க வேண்டாம். விருந்தினர் வலையமைப்பு என்ற வசதியைத் திறந்து, அதை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் என்று வைத்து, தனியான கடவுச்சொல் கொடுத்துக் கமராக்களை அதில் விட்டுவிடுங்கள். விருந்தினர் வலையமைப்பில் இருப்பவை பிரதான வலையமைப்பைப் பார்க்க முடியாமல் தடுக்கப்பட்டிருக்கும் என்பதால், அச்சுப்பொறியை மட்டும் அங்கே வைத்தால் உங்கள் கணினியிலிருந்து அச்சிட முடியாது. அதை வயரால் இணைப்பது நல்லது.

ஒரு கருவிக்கு வலையமைப்பின் பெயரே தெரியவில்லை என்றால் அது முதற்படியின் பிரச்சினை. கமராக்களும் மலிவான ஸ்மார்ட் மின்குமிழ்களும் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை. அந்த அலைவரிசை ரூட்டரில் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறான அறிகுறி ஒன்றும் உண்டு: எல்லாம் இணைகின்றன, ஆனால் வைஃபை இணைப்பு வேகம் செக்கனுக்கு 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. எப்போதோ ஒரு பழைய மடிக்கணினிக்காக யாரோ டிகேஐபி முறையைத் தெரிவுசெய்து விட்டுப் போயிருப்பார்கள். டிகேஐபியில் 2009இலும் அதற்குப் பின்னும் வந்த வேக நியமங்கள் இயங்க மாட்டா. ஏஇஎஸ் என்று மாற்றினால் பாதுகாப்பும் வேகமும் ஒருங்கே திரும்பும்.

"ஐ.பி. முகவரி பெறப்படுகிறது" என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது

கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது, நின்றது மூன்றாவது படியில். விண்டோஸ் கணினியில் பார்த்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரியும். முகவரி எவராலும் தரப்படாததால் கணினி தனக்குத்தானே வைத்துக்கொண்ட முகவரி அது. இந்த நிலையில் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

தனியார் கல்வி நிலையங்களில் இது ஓர் ஒழுங்கோடு வரும். காலை வகுப்புக்கு எல்லாம் சரியாக நடக்கும். பின்னேர வகுப்புப் பிள்ளைகள் வந்ததும் ஒருவருக்கும் இணையாது. ரூட்டர் வழங்கும் முகவரித் தொகுதி 50 என்றும், ஒரு முகவரியின் தவணை 24 மணித்தியாலம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். காலை வகுப்பில் வந்த 45 பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டாலும், அவர்களுடைய போன்களுக்குக் கொடுத்த முகவரிகள் மறுநாள் காலைவரை ரூட்டரின் கணக்கில் கட்டுப்பட்டுக் கிடக்கும். பின்னேரம் வருபவர்களுக்கு மிஞ்சியிருப்பது 5 முகவரி. அமைப்புப் பக்கத்தில், முகவரி வழங்குவதைக் கவனிக்கும் டிஎச்சிபி என்ற பகுதியில் தொகுதியை 192.168.1.50 முதல் 192.168.1.250 வரை விரித்தால் 201 முகவரிகள் கிடைக்கும். தவணையை 2 மணித்தியாலமாகக் குறைத்தால் முன்வகுப்பின் முகவரிகள் பின்வகுப்புக்குள் விடுபட்டுவிடும்.

வீடுகளில் இதே அறிகுறிக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவது ரூட்டர். பழைய கல்வீடுகளின் தடித்த சுவர்களைக் கடந்து பின் அறைக்கோ குசினிக்கோ அலை போவதில்லை என்பதால், ஸ்ரான்லி வீதிக் கடைகளில் ஒன்றில் இன்னொரு ரூட்டரை வாங்கி வயரில் கொழுவிவிடுகிறார்கள். இப்போது முகவரி கொடுப்பவர் இருவர். இரண்டுமே தன்னைத்தான் 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டால், ஒரு கருவிக்கு முகவரி கிடைக்கும், மற்றதற்குக் கிடைக்காது. இன்றைக்கு வேலை செய்வது நாளைக்குச் செய்யாது. இரண்டாவது ரூட்டரை, முகவரி கொடுக்காமல் வைஃபை அலையை மட்டும் பரப்பும் அணுகற்புள்ளி முறைக்கு மாற்றுங்கள்; அந்த வசதி இல்லாவிட்டால் அதன் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, பிரதான ரூட்டரிலிருந்து வரும் வயரை அதன் வெளி இணைப்புத் துளையில் அல்லாமல் உள் இணைப்புத் துளை ஒன்றில் செருகுங்கள்.

நேற்றுவரை இணைந்த போன் மென்பொருள் புதுப்பித்த பிறகு மறுக்கப்படுகிறது

ரூட்டரில் மக் முகவரி (கருவியின் வலையமைப்பு வன்பொருளுக்குரிய அடையாள எண்) வடிகட்டல் இயங்குகிறதா என்று பாருங்கள். இன்ன இன்ன கருவிகள் மட்டும் வரலாம் என்று பட்டியல் போட்டு வைக்கும் முறை அது. 2019இல் வந்த அன்ட்ரொயிட் 10இலிருந்தும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும், தனியுரிமைக்காகப் போன்கள் தமது உண்மையான மக் முகவரியை மறைத்து, வலையமைப்புக்கு ஒன்றாக எழுந்தமானமான முகவரியைக் காட்டுகின்றன. பட்டியலில் இருப்பது பழைய முகவரி. வாசலில் நிற்பது புதிய முகவரி. வீட்டு வலையமைப்புக்கு மட்டும் உண்மையான முகவரியைக் காட்டும்படி போனில் அமைத்தால் தீர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலையே நிறுத்திவிடுவேன். மக் முகவரி குறியாக்கம் இல்லாமல் வானலையில் போவது. அதைக் கேட்டுப் பிரதிபண்ணுவது எளிது. வலையமைப்பின் பெயரை மறைத்து வைப்பதும் இதே வகைதான். பெயரை மறைத்தால், உங்கள் போன் போகும் இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிய நேரும். இவ்விரண்டும் பாதுகாப்புப் போலத் தோன்றிப் பிழைகளை மட்டுமே பெருக்குபவை.

ரூட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கவில்லை, அல்லது நிர்வாகக் கடவுச்சொல்லை ஏற்கவில்லை

வைஃபைக் கடவுச்சொல் வேறு, நிர்வாகக் கடவுச்சொல் வேறு. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏனெனில் அந்தக் குழப்பத்தால் வந்த அழைப்புகள் எனக்கு ஏராளம்.

பக்கமே திறக்காவிட்டால், நீங்கள் விருந்தினர் வலையமைப்பில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கிருந்து நிர்வாகப் பக்கம் தடுக்கப்பட்டிருக்கும். போனில் முயன்றால் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு முயலுங்கள். உள்நுழையும் முகவரி 192.168.1.1 என்று மனப்பாடமாகச் சொல்லாமல், போனின் வைஃபை விபரத்தில் நுழைவாயில் என்று காட்டும் முகவரியைப் பாவியுங்கள். "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை வந்தால், முகவரி உங்கள் ரூட்டருடையதுதான் என்பதை உறுதிசெய்த பிறகு தொடரலாம். ரூட்டர் தனக்குத் தானே கையொப்பமிட்ட சான்றிதழை வைத்திருப்பதால் வரும் எச்சரிக்கை அது. வங்கிப் பக்கத்தில் அதே எச்சரிக்கை வந்தால் ஒருபோதும் தொடர வேண்டாம்.

நிர்வாகக் கடவுச்சொல் மறந்துபோனால் மீளமைப்பதைத் தவிர வழி இல்லாதிருக்கலாம். ஆனால் ஊசியை எடுக்குமுன் சேவை வழங்குநரை அழைத்து, இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரூட்டருக்குள் பதியப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். பைபர் இணைப்பு ரூட்டர்களில் இது மிகவும் முக்கியம். பதியப்பட்டிருந்தால் அந்த விபரங்களைக் கேட்டு எழுதிக்கொண்ட பின்னரே துளையைப் பத்துச் செக்கன் வரை அழுத்த வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நானே இதைக் கேட்காமல் அழுத்தி, அந்த வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் திங்கட்கிழமைவரை இணையம் இல்லாமல் போகக் காரணமானேன். அதன் பிறகு கேட்காமல் அழுத்தியதில்லை.

மீளமைத்தவுடன் ரூட்டர் தொடக்கக் கடவுச்சொல்லுக்குத் திரும்பிவிடும். அதை அன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் உலகம் முழுதும் இலட்சக்கணக்கான கமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்த மிராய் என்ற தீநிரல், தன்னிடம் இருந்த சுமார் 60 தொடக்கப் பயனர் பெயர், கடவுச்சொல் சோடிகளைக் கொண்டே அவற்றுக்குள் புகுந்தது. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள்.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக்கொண்டே இருக்கிறது, உள்ளே விடவில்லை

அலுவலகங்கள், விடுதிகள், பெரிய கல்வி நிலையங்கள் ஆகியவற்றில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுக்காமல், ஆளுக்கொரு பயனர் கணக்கு வைக்கும் எண்டர்பிரைஸ் முறையைப் பாவிப்பதுண்டு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மட்டும் மூடலாம் என்பதே அதன் பெரும் நன்மை. இதில் ரூட்டர் தானாக முடிவெடுப்பதில்லை. ரேடியஸ் என்ற சேவையகத்திடம் கேட்டு, அது சொன்னபடி நடக்கிறது. எனவே பிழை மூன்று இடங்களில் இருக்கலாம்: கருவி, ரூட்டர், சேவையகம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒருவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்பதுதான்.

ஒருவருக்கு மட்டும் என்றால், சேவையகத்தின் பதிவேட்டைத் திறந்து அவருடைய பெயரைத் தேடுங்கள். "மறுக்கப்பட்டது" என்று பதிவு இருந்தால் அவருடைய கடவுச்சொல்லோ கணக்கோதான் பிழை. அவருடைய பெயரே பதிவேட்டில் இல்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது என்றால், சேவையகம் தான் யாரென்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழை அவருடைய கருவி நம்ப மறுத்திருக்கிறது. அந்தக் கருவியின் திகதியைப் பாருங்கள். தாய்ப்பலகையின் சிறு பற்றரி செத்துப்போன பழைய மடிக்கணினிகள், மின்சாரம் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் திகதியில் உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பற்றரியை மாற்றித் திகதியைச் சரிசெய்தால் போதும்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது, நேற்று மாலைவரை வேலை செய்தது என்றால், சேவையகச் சான்றிதழின் காலாவதித் திகதியை முதலில் பாருங்கள். அது பிழையில்லை என்றால், ரூட்டருக்கும் சேவையகத்துக்கும் இடையிலான பகிர்ந்த இரகசியச் சொல்லைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஓர் எழுத்துப் பிசகினாலும் சேவையகம் மறுப்புக்கூடச் சொல்லாது, கேள்வியைப் பேசாமல் கீழே போட்டுவிடும். ரூட்டரின் பதிவேட்டில் "பதில் வரவில்லை" என்று மட்டும் இருக்கும். ரூட்டரை மாற்றியதாலோ மீளமைத்ததாலோ அதன் ஐ.பி. முகவரி மாறியிருந்தாலும் இதே மௌனம்தான் கிடைக்கும், ஏனெனில் தன் பட்டியலில் இல்லாத முகவரிக்குச் சேவையகம் பதில் சொல்வதில்லை. ரூட்டருக்கு நிலையான முகவரி கொடுத்து, சேவையகத்தின் தீச்சுவரில் 1812ஆம் துறை (போர்ட்) திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

புதிய அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்" என்ற தெரிவே இப்போது இல்லை. இணைக்க முடியவில்லையே என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். அந்தத் தெரிவைப் பாவித்த காலத்தில், அதே பெயரில் ஒரு போலி வலையமைப்பை வாசலில் வைத்திருக்கும் எவரிடமும் ஊழியர்களின் போன்கள் உள்நுழைவு விபரங்களை நீட்டத் தயாராக இருந்தன. போனில் சான்றிதழை நிறுவி, சேவையகத்தின் டொமைன் பெயரை உரிய இடத்தில் எழுதுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் செல்லும், செலவழியுங்கள்.

சேவையகம் வைக்க வசதியில்லாத சிறிய கல்வி நிலையங்களுக்கு இது அவசியமில்லை. நிர்வாகத்துக்கு ஒரு வலையமைப்பு, பிள்ளைகளுக்கு விருந்தினர் வலையமைப்பு, அதன் கடவுச்சொல்லைப் பாடசாலைத் தவணைக்கொரு முறை மாற்றுவது ஆகியவை போதும்.

இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறது

உடனே அயலவரைச் சந்தேகிக்க வேண்டாம். தொலைக்காட்சி, கமராப் பெட்டி, வந்துபோன உறவினரின் போன் எல்லாம் விளங்காத பெயருடன்தான் தெரியும். வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பட்டியலைப் புதுப்பித்துப் பாருங்கள். எல்லாம் நின்ற பிறகும் ஒன்று எஞ்சியிருந்தால் அது உங்களுடையதன்று.

அது எப்படி வந்தது? பெரும்பாலும் யாரும் உடைத்துக்கொண்டு வருவதில்லை. ஒரு போனில் சேமித்த வைஃபையைக் கியூஆர் படமாகக் காட்டிப் பகிரலாம். அந்தப் படத்துக்குள் கடவுச்சொல் எழுத்துக்கெழுத்து அப்படியே இருக்கிறது. ஒருவருக்குக் கொடுத்தது ஊருக்குப் போவதற்கு அது ஒன்றே போதும். உடைத்து வர விரும்புபவருக்கும் இலகுவான வழி ஒன்று திறந்திருக்கலாம். வைஃபைக் கடவுச்சொல்லை அடிக்காமலே கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் 8 இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் 10,000உம் 1,000உம் சேர்ந்து 11,000 முயற்சிக்குள் எண் அகப்பட்டுவிடும் என்று 2011இல் வெளியாகிவிட்டது. டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்திவிடுங்கள்.

கடவுச்சொல்லாகத் தொலைபேசி இலக்கத்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நமது கைத்தொலைபேசி இலக்கங்கள் 07 என்று தொடங்குபவை. மாறக்கூடியது மிச்சம் 8 இலக்கம், அதாவது 10 கோடி வாய்ப்புகள். டபிள்யூபிஏ2 வலையமைப்பில் ஒரு கருவி இணையும் கணத்தில் பறக்கும் செய்திகளை ஒருவர் பிடித்துவைத்துக்கொண்டால், மீதி வேலையைத் தன் வீட்டில் இருந்தே செய்யலாம். விளையாட்டுக் கணினியின் நல்லதொரு கிராபிக்ஸ் அட்டை செக்கனுக்கு நான்கு இலட்சம் முயற்சி செய்யும் என்றால், 250 செக்கனில், நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில், உங்கள் இலக்கம் அவர் கையில். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து இருபது எழுத்துக்கு மேல் வையுங்கள். நினைவிலும் நிற்கும், கணக்கிலும் அகப்படாது. மாற்றிய பிறகு பழைய கருவிகள் எல்லாம் வெளியேறிவிடும். உங்களுடையவற்றை மட்டும் திரும்பச் சேருங்கள். அனுமதியின்றி ஒருவரின் கணினி அமைப்புக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். ஆயினும் உங்கள் இணைப்பில் இருந்து ஒருவர் செய்த காரியத்துக்கு முதல் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

தெரிந்த தளத்தின் முகவரியை எழுதினால் வேறு பக்கம் திறக்கிறது

எல்லாப் போன்களிலும் இது நடந்து, மொபைல் டேட்டாவில் மட்டும் நடக்கவில்லை என்றால், ரூட்டருக்குள் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் வங்கிக் கணக்கு எதையும் திறக்க வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் டிஎன்எஸ் முகவரிகளை, அதாவது தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் சேவையகங்களின் முகவரிகளை, பாருங்கள். அவை வெளி இணைப்புப் பகுதியில் ஓர் இடத்திலும் டிஎச்சிபி பகுதியில் இன்னோர் இடத்திலும் இருக்கும். பலர் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு விட்டுவிடுகிறார்கள். சேவை வழங்குநர் தந்ததோ, நீங்களே போட்ட 8.8.8.8, 1.1.1.1 போன்றதோ அல்லாத முகவரி இருந்தால் அதைப் படம் எடுத்துவிட்டு நீக்குங்கள்.

நீக்குவதோடு நிற்கக்கூடாது. வந்தவர் திரும்ப வரக்கூடும். சேவை வழங்குநரிடம் இணைப்பு விபரங்களை வாங்கிக்கொண்டு, ரூட்டரை முழுமையாக மீளமைத்து, பழைய கோப்பிலிருந்து அமைப்புகளை ஏற்றாமல் கையாலேயே புதிதாக எழுதி, தயாரிப்பாளரின் புதிய நிலைபொருளை (ரூட்டரை இயக்கும் உள் மென்பொருளை) நிறுவுங்கள். 2018இல் சுமார் 5 இலட்சம் ரூட்டர்களையும் சேமிப்புக் கருவிகளையும் பிடித்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரலின் முதற்பகுதி, கருவியை நிறுத்தித் திரும்பப் போட்டாலும் அழியாமல் நின்றது. நிறுத்திப் போடுவது மட்டும் போதாது என்பது அப்போதே தெரிந்ததுதான். பின்னர் நிர்வாகக் கடவுச்சொல், வைஃபைக் கடவுச்சொல் இரண்டையும் மாற்றி, அந்த நாட்களில் உள்நுழைந்த மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மொபைல் டேட்டாவில் இருந்து மாற்றுங்கள்.

மறுநாள் காலையிலும், ஒரு வாரம் கழித்தும் டிஎன்எஸ் முகவரிகளைத் திறந்து பாருங்கள். மீண்டும் மாறியிருந்தால், அந்த ரூட்டருக்குத் தயாரிப்பாளர் திருத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டார் என்றே பெரும்பாலும் பொருள். அதைக் கழற்றிவிட்டு வேறொன்று வாங்குங்கள்.